பொண்ணு அத்லெடிக் டிரெய்னிங் படிக்கணும்ங்கிறா, பயாலஜி மேஜர் எடுக்கச் சொல்றதா வேணாமா?

திருச்சி_டு_டல்லாஸ்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வந்து படிச்சிட்டுப் போயிட்டு இருக்கேன், எழுதறது இதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

நாங்க டல்லாஸ் பக்கம். பொண்ணுக்கு வர்ற ஆகஸ்ட்ல சீனியர் இயர், அதாவது ட்வெல்த், ஆரம்பிக்குது. படிப்பு நல்லா வரும், ஏபி பயாலஜில (ஹைஸ்கூல்லயே எழுதற காலேஜ் லெவல் பரீட்சை) உச்ச மார்க் 5 வாங்கினா, அதனால அவ அப்பா மனசுல பயாலஜி மேஜர், அப்புறம் மெடிக்கல் ஸ்கூல்னு எப்பவோ முடிவாயிடுச்சு. பொண்ணு ஆனா நைன்த் கிரேடுலேர்ந்து ஸ்கூல் ஃபுட்பால் டீமுக்கு ஸ்டூடண்ட் டிரெய்னர். ஆடற பசங்களுக்கு அடிபட்டா பார்த்துக்கற டிரெய்னர் கூட இருந்து தண்ணி வைக்கறது, ஐஸ் பேக் கட்டறது, டேப் எடுத்துக் குடுக்கறது, இப்படி. வெள்ளிக்கிழமை மேட்ச் முடிஞ்சு ராத்திரி பதினொன்னரைக்கு வருவா, சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு திரும்ப கிளம்பிடுவா. ஆரம்பத்துல நானே சத்தம் போட்டிருக்கேன், தண்ணி தூக்கறதுக்கா இவ்வளவு அலைச்சல்னு.

போன ஆகஸ்ட்ல ஒரு நாள் அவளைக் கூட்டிட்டு வரப் போனப்ப கிரவுண்டுல பிராக்டிஸ் நடந்துட்டு இருந்துச்சு, நல்ல கொளுத்தற வெயில். ஒரு பையன், பெரிய உடம்பு, தள்ளாடிட்டு ஏதோ சம்பந்தமில்லாம பேசறான். அந்த டிரெய்னர் அம்மா ஒரு செகண்ட் யோசிக்கல, ஹெல்மெட் பேட் எல்லாத்தையும் கழட்டி அப்படியே ஐஸ் தண்ணித் தொட்டில இறக்கிட்டாங்க. என் பொண்ணு ஐஸ் மூட்டையை இழுத்துட்டு ஓடி ஓடி கொட்டறா. நான் காருக்குள்ள உக்காந்து நடுங்கிட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவ சொன்னது ஒண்ணுதான், "அம்மா, ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே அவன் அவன் பேரைச் சொல்லிட்டான்." அன்னிக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் உடம்பு சூடு ஏறினா மூளைக்கு என்ன ஆகும், கிட்னிக்கு என்ன ஆகும்னு படிச்சிட்டு இருந்தா. அதுக்கப்புறம் நான் தண்ணி தூக்கறதுன்னு சொல்றதை விட்டுட்டேன்.

இப்ப கேள்வி. அவ அத்லெடிக் டிரெய்னர் ஆகணும்ங்கிறா. நெட்ல தேடினா ஒரு இடத்துல நாலு வருஷ டிகிரி போதும்னு இருக்கு, இன்னொரு இடத்துல மாஸ்டர்ஸ் வேணும்னு இருக்கு. ஒரு காலேஜ் ஓப்பன் ஹவுஸ்ல "எங்ககிட்ட அத்லெடிக் டிரெய்னிங் இருக்கு"ன்னு சொன்னாங்க, நோட்டீஸைப் பார்த்தா எக்சர்சைஸ் சயின்ஸ்னு போட்டிருக்கு. நாலு வருஷத்துக்கு எந்த மேஜர் எடுக்கறது, பயாலஜியா அதா இதா? அவ அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவுல நான் நிக்கறேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

களத்துமேடு:

அக்கா வணக்கம். நான் ஹூஸ்டன் பக்கம் ஒரு ஹைஸ்கூல்ல அத்லெடிக் டிரெய்னரா இருக்கேன், பதினோரு வருஷம் ஆச்சு. நம்மாளுங்க இந்த வேலைல ரொம்ப கம்மி, அதனால உங்க போஸ்ட் பார்த்ததும் உக்காந்து எழுதறேன்.

முதல்ல அந்தக் குழப்பத்தைத் தீர்த்துடறேன். நீங்க பார்த்த ரெண்டுமே ஒரு காலத்துல சரி. நான் படிச்சப்ப நாலு வருஷ பேச்சிலர்ஸ் முடிச்சு போர்டு எக்ஸாம், அதாவது பிஓசி, எழுதி ஏடிசி, அதாவது சர்டிஃபைடு அத்லெடிக் டிரெய்னர், ஆயிட்டேன். 2015ல இந்தத் துறையோட பெரிய அமைப்புங்க எல்லாம் சேர்ந்து இனிமே மாஸ்டர்ஸ் லெவல்லதான் உள்ள வரணும்னு முடிவு பண்ணாங்க. பேச்சிலர்ஸ் புரோகிராம்ல 2022 ஃபால் செமஸ்டர் தொடங்கினதுக்கு அப்புறம் புதுசா யாரையும் சேர்க்கக் கூடாதுன்னு கடைசி தேதி வெச்சாங்க. அதனால உங்க பொண்ணு சேர்ற வருஷத்துல நாலு வருஷம் படிச்சுட்டு நேரா எக்ஸாம் எழுதற வழியே கிடையாது. எந்த மேஜரா இருந்தாலும் பேச்சிலர்ஸ் ஒண்ணு, அதுக்கு மேல சிஏஏடிஇ (இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் குடுக்கற அமைப்பு) அங்கீகாரம் உள்ள ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ், அப்புறம் பிஓசி, அப்புறம் ஸ்டேட் லைசன்ஸ். பழைய பக்கங்களை யாரும் அழிக்கல, அதான் நெட்ல இன்னும் நாலு வருஷம்னே கிடக்கு. ஓப்பன் ஹவுஸ்ல "இருக்கு"ன்னு சொன்னாங்கல்ல, அவங்ககிட்ட நேரா கேளுங்க, மாஸ்டர்ஸ் இங்கயே இருக்கா, சிஏஏடிஇ அங்கீகாரம் இப்ப இருக்கா, போன மூணு வருஷத்துல எத்தனை பேர் பிஓசி முதல் தடவையே பாஸ் பண்ணாங்கன்னு. அந்த பாஸ் கணக்கை புரோகிராம் வெளில போட்டே ஆகணும், வெப்சைட்லயே இருக்கும். தேடியும் கிடைக்கலேன்னா அந்த இடத்தைப் பத்தி யோசிங்க.

நீங்க பார்த்த ஐஸ் தொட்டி சமாச்சாரம் சும்மா குளிர வைக்கறதுக்கு இல்லக்கா. உடம்பு உள்ளச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஆள் குழம்பிப் பேச ஆரம்பிச்சா அது எக்சர்ஷனல் ஹீட் ஸ்ட்ரோக். அப்ப நேரம்தான் மருந்து. அரை மணி நேரத்துக்குள்ள சூட்டை இறக்கிட்டா பையன் எழுந்து நடந்து போவான், விட்டா லிவர் கிட்னி எல்லாம் ஒண்ணொண்ணா போகும். அதனாலதான் எங்களுக்கு முதல்ல குளிர வை, அப்புறம் ஆம்புலன்ஸ்ல ஏத்துன்னு சொல்லிக் குடுப்பாங்க. வாய்ல வெக்கற தெர்மாமீட்டர், நெத்தில காட்டற தெர்மாமீட்டர் எதையும் நம்பக் கூடாது, ரெக்டல் டெம்பரேச்சர் ஒண்ணுதான் சரியாச் சொல்லும். தொட்டில மூழ்க வெச்சா கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கும். 2001 ஆகஸ்ட்ல மினசோட்டா வைக்கிங்ஸ் டீம்ல கோரி ஸ்ட்ரிங்கர்னு ஒருத்தர், 27 வயசு, பிராக்டிஸ்ல இதே மாதிரி விழுந்து இறந்துட்டார். அவர் பேர்ல கனெக்டிகட் யூனிவர்சிட்டில 2010லேர்ந்து ஒரு இன்ஸ்டிடியூட் இருக்கு, இந்த வழிமுறைகளை ஸ்கூல் வரைக்கும் கொண்டு வந்ததுல அவங்க பங்கு பெருசு. உங்க பொண்ணு ஐஸ் கொட்டினது அந்த மொத்தக் கதையோட ஒரு நுனி.

இன்னொண்ணு, இங்கயே பல பேருக்கு ஜிம்ல இருக்கற பெர்சனல் டிரெய்னருக்கும் எங்களுக்கும் வித்தியாசம் தெரியாது. நாங்க ஹெல்த்கேர் ஆளுங்க, டாக்டரோட மேற்பார்வைல வேலை. காயம் வராம பாத்துக்கறது, வந்தா கிரவுண்டுல முதல் அஞ்சு நிமிஷம், என்ன அடின்னு கண்டுபிடிக்கறது, திரும்ப ஆட விடற வரைக்கும் ரீஹாப், எல்லாம் எங்க தலைல. 2023 ஜனவரி 2ந் தேதி சின்சினாட்டில டமார் ஹாம்லின் மேட்ச் நடுவுல ஹார்ட் நின்னு விழுந்தார் ஞாபகம் இருக்கா, அன்னிக்கு சிபிஆர் குடுத்தது பஃபலோ பில்ஸ் டீமோட அசிஸ்டண்ட் அத்லெடிக் டிரெய்னர் டென்னி கெல்லிங்டன். டெக்சாஸ்காரங்களுக்கு ஒரு பெருமை, 1971ல நாட்டுலயே முதல்ல இந்த வேலைக்கு லைசன்ஸ் கொண்டு வந்தது நம்ம ஸ்டேட்தான். கலிஃபோர்னியால இன்னும் லைசன்ஸ் கிடையாது.

மேஜர் என்னன்னு அப்புறம் வந்து எழுதறேன், பிராக்டிஸுக்கு நேரமாச்சு.

ரெண்டு_பசங்க_அப்பா:

நான் உங்க வீட்டுக்காரர் பக்கம் நின்னு கொஞ்சம் பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு வருஷம் படிப்பு, அதுல ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ் ஃபீஸ். முடிச்சு வந்தா சராசரி சம்பளம் வருஷம் 60 ஆயிரம் டாலரை ஒட்டித்தான். பிசிகல் தெரபிஸ்ட்டுக்கு லட்சம் டாலர் பக்கம் போகுது. ராத்திரி மேட்ச், சனிக்கிழமை வேலை, பஸ்ல டீம் கூட அலையறது, கல்யாணம் குழந்தைன்னு ஆனா இந்த நேரம் எப்படி ஒத்து வரும்? எங்க பெரியவன் ஃபிரெண்டு ஒருத்தன் கடனை வாங்கி ஒரு பிரைவேட் காலேஜ்ல இதைப் படிச்சான், ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு இப்ப மெடிக்கல் சாதனம் விக்கற கம்பெனில இருக்கான். குழந்தை ஆசைப்படறதைத் தடுக்கச் சொல்லல, கணக்கை அவ முன்னாடி வெச்சுப் பேசுங்கன்னுதான் சொல்றேன். பதினேழு வயசுல நாம சொன்னாத்தான் அது தெரியும்.

கொங்கு_பிசியோ:

வணக்கமுங்க. நான் கோயமுத்தூர்ல பிபிடி (பிசியோதெரபி டிகிரி) முடிச்சு, இங்க வந்து பேப்பர் எல்லாம் இவால்யுவேட் பண்ணி என்பிடிஇங்கிற லைசன்ஸ் பரீட்சை எழுதி பிடியா, அதாவது பிசிகல் தெரபிஸ்ட்டா, இருக்கறவ. மேல அண்ணன் சொன்ன சம்பளக் கணக்கு சரிதானுங்க, ஆனா பிடி ஆகணும்னா இங்க டிகிரிக்கு மேல மூணு வருஷம் டிபிடிங்கிற டாக்டரேட், மொத்தம் ஏழு வருஷம், அந்தக் கடனையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

வேலையும் வேற வேறங்க. என்கிட்ட ஒரு பொண்ணு முழங்கால்ல ஏசிஎல்ங்கிற லிகமென்ட் கிழிஞ்சு ஆபரேஷன் ஆகி ரெண்டு வாரம் கழிச்சுத்தான் வரும். அந்தப் பொண்ணு கிரவுண்டுல குதிச்சுக் காலை ஊனறப்ப முழங்கால் உள்பக்கம் மடங்கினதை கண்ணால பார்த்தது அத்லெடிக் டிரெய்னர்தான். அப்பவே, வீக்கம் வர்றதுக்குள்ள, முழங்காலைக் கையால இழுத்துப் பார்க்கற லாக்மன் டெஸ்ட் பண்ணிப் பார்த்து இது ஏசிஎல்தான்னு சொல்லிடுவாங்க. வீங்கி, தசை இறுகிப் போச்சுன்னா அடுத்த நாள் டாக்டர் பார்த்தாக்கூட அவ்வளவு தெளிவா தெரியாதுங்க. எங்க கிளினிக்ல ரெண்டும் படிச்சவர் ஒருத்தர் இருக்கார், முதல்ல ஏடி (அத்லெடிக் டிரெய்னிங்), அப்புறம் டிபிடி. விளையாட்டு ஆளுங்க அவரைத்தான் கேட்டு வருவாங்க. அதனால இது முட்டுச்சந்து இல்லீங்க, இதுலேர்ந்து பிடிக்கு, பிஏக்கு (டாக்டர் கூட வேலை பார்க்கற ஃபிசிஷியன் அசிஸ்டண்ட்) போறவங்க நிறைய. அப்படிப் போகணும்னா நாலு வருஷத்துல எடுத்த சயின்ஸ் கோர்ஸ்தான் கை கொடுக்கும். அதுக்காகவே நான் பயாலஜி பக்கம்.

நம்மூர்ல பிபிடில அனாடமி ஃபிசியாலஜி முதல் வருஷமே பாடி முன்னாடி நிறுத்திடுவாங்க. இங்க டிகிரி லெவல்ல அது தானா வராதுங்க, நாமதான் தேடி எடுக்கணும்.

நீலகிரி_மழை:

நான் டெக்சாஸ்ல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல பயாலஜி நடத்தறேன், சொந்த ஊர் குன்னூர். கடைசியா மேல சொன்ன விஷயத்துலேர்ந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா என் கிளாஸ்ல வருஷா வருஷம் பசங்க மாட்டிக்கறது இங்கதான்.

பயாலஜி மேஜர்னா மனுஷ உடம்புன்னு நினைச்சுட்டு வர்றாங்க. நாலு வருஷத்துல செல் பயாலஜி, ஜெனெடிக்ஸ், எவல்யூஷன், ஈகாலஜி, பல இடத்துல தாவரம் பத்தி ஒரு கோர்ஸ், ஜெனரல் கெமிஸ்ட்ரி ரெண்டு, ஆர்கானிக் ரெண்டு, ஃபிசிக்ஸ் ரெண்டு, ஸ்டாட்ஸ். இதுல ஹ்யூமன் அனாடமி கட்டாயமா இருக்கணும்னு அவசியமே இல்ல. அது பல யூனிவர்சிட்டில கினீசியாலஜி (உடம்பு அசைவைப் பத்தின படிப்பு) டிபார்ட்மெண்டுக்குள்ள இருக்கும், அவங்க பசங்களுக்குத்தான் முதல்ல சீட்டு. அத்லெடிக் டிரெய்னிங் மாஸ்டர்ஸுக்கோ பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், சைக்காலஜி, அனாடமி, ஃபிசியாலஜி எல்லாம் முன்னாடியே முடிச்சிருக்கணும், இது அங்கீகார விதிலயே இருக்கு. அதுக்கு மேல ஒவ்வொரு புரோகிராமும் நியூட்ரிஷன், பயோமெக்கானிக்ஸ், எக்சர்சைஸ் ஃபிசியாலஜின்னு சேர்த்துக் கேக்கும். பயாலஜி மேஜர் எடுத்த பொண்ணு சைக்காலஜியையும் அனாடமியையும் மறந்துட்டு நாலாவது வருஷம் அல்லாடும், எக்சர்சைஸ் சயின்ஸ் எடுத்த பொண்ணு கெமிஸ்ட்ரியையும் ஃபிசிக்ஸையும் தள்ளிப் போட்டுட்டு அல்லாடும். ரெண்டையும் பார்த்திருக்கேன்.

இன்னொரு முக்கியமான விஷயம், உங்க பொண்ணு இப்ப ஹைஸ்கூல்ல டூயல் கிரெடிட் (ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் சேர்த்துக் கணக்கு வர்ற கோர்ஸ்) எடுக்கறான்னா கோர்ஸ் நம்பரைப் பாருங்க. டெக்சாஸ்ல பொது நம்பர் முறை இருக்கு. பயாலஜி 1406, 1407 சயின்ஸ் மேஜருக்கு. 1408, 1409 மத்தவங்களுக்கு. பேர் ரெண்டும் பயாலஜிதான், லேபும் இருக்கும், கிரெடிட்டும் அதே 4, ஆனா 1408 எடுத்தா அதுக்கு மேல சயின்ஸ் மேஜர் கட்ட முடியாது, திரும்ப முதல்லேர்ந்து எடுக்கணும். 2401, 2402தான் அனாடமி அண்ட் ஃபிசியாலஜி. இதைச் சொல்லிக் குடுக்க ஆளில்லாம ஒரு பையன் ஒரு வருஷத்தையே இழந்தான், அவங்க ஸ்கூல்ல யாரோ "பயாலஜி பயாலஜிதான்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்தப் பையனை நினைச்சா இன்னும் எனக்குத் தாங்கல. ஏபி 5 விஷயமும் அப்படித்தான். காலேஜ் கிரெடிட் குடுத்துடும், சில மாஸ்டர்ஸ் புரோகிராம் மட்டும் ஏபி கிரெடிட் ஏத்துக்காது, காலேஜ்லயே லேபோட எடுத்த கோர்ஸ் வேணும்னு கேக்கும். சேர நினைக்கற மாஸ்டர்ஸ் புரோகிராம் நாலோட பக்கத்தை இப்பவே திறந்து பார்த்து எழுதி வெச்சுக்கச் சொல்லுங்க.

இதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம். நான் உண்மையா சொல்ல வந்தது வேற. பயாலஜியும் அத்லெடிக் டிரெய்னிங்கும் ரெண்டு பாதைன்னு உங்க வீட்டுல பேசறீங்கல்ல, எனக்கு அது அப்படித் தெரியல. 2006 செப்டம்பர்ல ஹூஸ்டன் ரைஸ் யூனிவர்சிட்டில டேல் லாய்ட்னு 19 வயசுப் பையன், ஃப்ரெஷ்மேன் ஃபுட்பால் பிளேயர், 100 யார்ட் ஓட்டம் 16 தடவை ஓடச் சொன்னப்ப விழுந்து மறுநாள் இறந்துட்டான். அவனுக்கு சிக்கிள் செல் டிரெய்ட் இருந்தது யாருக்கும் தெரியல. சிக்கிள் செல்னா என்ன, ஹீமோகுளோபின் பீட்டா சங்கிலில 6வது இடத்துல குளுடாமிக் ஆசிடுக்குப் பதிலா வேலின், அவ்வளவுதான். நான் ஜெனெடிக்ஸ் ரெண்டாவது வாரத்துல போர்டுல எழுதறது. ஒரு ஜீன் மட்டும் அப்படி இருந்தா சாதாரணமா ஒண்ணும் தெரியாது, ஆனா மூச்சு வாங்க விடாம திரும்பத் திரும்ப ஓடவிட்டா சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு ரத்த ஓட்டத்தை அடைக்கும், தசை செத்து உடையும். அந்தக் குடும்பம் போட்ட கேஸ் முடிஞ்சப்புறம்தான் 2010ல காலேஜ் விளையாட்டை நடத்தற என்சிஏஏ அமைப்போட மேல்மட்டமான டிவிஷன் ஒன்ல ஸ்கிரீனிங் கொண்டு வந்தாங்க. கிரவுண்டுல ஒரு பையன் கால் வலிக்குதுன்னு உக்காந்தா அவனை "எழுந்து ஓடு"ன்னு கத்தற கோச்சுக்கு முன்னாடி போய் நின்னு, இல்ல இவன் ஓடக் கூடாதுன்னு சொல்றவங்களுக்கு அந்த ஒரு அமினோ ஆசிட் தெரிஞ்சிருக்கணும். எங்க மலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, இந்தியாவுல சிக்கிள் செல்லை முதல்ல கண்டுபிடிச்சது 1952ல நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான். நான் சின்ன வயசுல அதைக் கேள்விப்பட்டுத்தான் பயாலஜிக்கே வந்தேன்.

உங்க பொண்ணு ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஹீட் ஸ்ட்ரோக் படிச்சா பாருங்க, அவ படிச்சது பயாலஜி. அதை அவ அப்பாகிட்ட சொல்லுங்க.

மூணாம்வருஷம்:

ஹாய் ஆன்ட்டி, நான் இப்ப எக்சர்சைஸ் சயின்ஸ்ல மூணாவது வருஷம், 3+2 புரோகிராம். அதாவது மூணு வருஷம் டிகிரி கோர்ஸ், நாலாவது வருஷமே மாஸ்டர்ஸ் ஆரம்பிச்சிடும், அந்த வருஷம் ரெண்டுக்கும் சேர்த்துக் கணக்கு, மொத்தம் அஞ்சு வருஷத்துல முடியும். ஒரு வருஷ ஃபீஸ் மிச்சம், அதனாலதான் எடுத்தேன்.

பிடிச்சிருக்கு, ஆனா சேர்றதுக்கு முன்னாடி யாரும் சொல்லாத ரெண்டு விஷயம் சொல்றேன். 3+2ல சேர்ந்துட்டா மாஸ்டர்ஸ் சீட்டு உறுதின்னு நினைச்சேன், பல இடத்துல அப்படி இல்ல, மூணாவது வருஷம் திரும்ப அப்ளை பண்ணணும், ஜிபிஏ பார்ப்பாங்க, இன்டர்வியூ இருக்கும். அப்புறம் நாலாவது வருஷம் நீங்க டிகிரி ஸ்டூடண்டா கிராஜுவேட் ஸ்டூடண்டான்னு காலேஜ் முடிவு பண்ணும், அதைப் பொறுத்து ஸ்காலர்ஷிப் நின்னு போகலாம். ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்குங்க. வாயால சொன்னதை நம்பி என் ரூம்மேட் அழுதா.

கோர்ஸ் எல்லாம் டைட்டா அடுக்கி வெச்சிருப்பாங்க, ஒரு கெமிஸ்ட்ரில சறுக்கினா மொத்தமும் ஒரு வருஷம் தள்ளிப் போகும். எனக்கு ஃபர்ஸ்ட் செமஸ்டர் கெமிஸ்ட்ரில சி பிளஸ் வந்துச்சு, முந்நூறு பேர் உக்கார்ற ஹால், ஹைஸ்கூல்ல படிச்ச மாதிரியே நோட்ஸை திருப்பித் திருப்பி வாசிச்சேன், அது வேலைக்கே ஆகல. அடுத்த செமஸ்டர்லேர்ந்து வாசிக்கறதை நிறுத்திட்டு வெத்துத் தாள் எடுத்து ஞாபகத்துலேர்ந்து வரைய ஆரம்பிச்சேன், அனாடமிக்கும் அதான், எலும்பு வரைஞ்சு அதுல தசை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, எந்த நரம்புன்னு. அதுக்கப்புறம்தான் ஏ வந்துச்சு. உங்க பொண்ணு கணுக்கால் டேப் சுத்தறதைப் பார்த்துப் பழகினவளா இருந்தா அந்த லிகமென்ட் பேரெல்லாம் அவளுக்கு ஏற்கனவே கைல இருக்கும், எங்க கிளாஸ்ல அப்படி வந்தவங்கதான் முன்னாடி நின்னாங்க.

மாஸ்டர்ஸ்ல கிளினிக்கல் நேரம்தான் பெருசு. குறைஞ்சது நாலு வாரம் முழு நேரமும் ஒரு டிரெய்னர் கூடவே இருந்து அவங்க செய்யறதை எல்லாம் செய்யணும், அந்த நேரத்துல வேற பார்ட் டைம் வேலைக்கு போகவே முடியாது. காசுக்கு அதையும் முன்கூட்டியே யோசிச்சுக்கணும்.

களத்துமேடு:

திரும்ப வந்துட்டேன். நீலகிரி மேடம் எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். அந்த ஓட்ட விஷயம் எங்க ஸ்கூல்ல நிஜமாவே நடக்கற சண்டை, ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் நான் யார் யார் என்ன பிரச்சினையோட இருக்காங்கன்னு பட்டியலை கோச் கைல குடுத்து, இவன் உக்காந்தா விடுங்கன்னு பேசிட்டுத்தான் சீசனையே ஆரம்பிப்பேன்.

மேஜர் விஷயத்துல என் அபிப்ராயம், உங்க பொண்ணுக்கு பயாலஜி. மூணு காரணம் நாலு காரணம்னு சொல்ல மாட்டேன், ஒண்ணுதான். பதினேழு வயசுல இதான்னு சொல்ற குழந்தை இருபத்தொண்ணுல அதையே சொல்லலாம், பிஏ போறேன்னு சொல்லலாம், மெடிக்கல் ஸ்கூல்னு சொல்லலாம், ஆர்கானிக் ரெண்டும் லேபோட கைல இருந்தா எந்தக் கதவும் மூடாது. அதோட கினீசியாலஜி மைனர் எடுத்தா அனாடமி சீட்டுப் பிரச்சினையும் பாதி தீரும். 3+2 நல்லதுதான், ஆனா அது மனசு முழுசா முடிவானவங்களுக்கு.

சம்பளம் பத்தி மேல அண்ணன் சொன்னது நியாயமான கேள்வி. டெக்சாஸ் ஹைஸ்கூல்ல எங்கள்ல பல பேர் ஸ்போர்ட்ஸ் மெடிசின் கிளாஸும் எடுக்கறோம், டீச்சர் ஸ்கேலும் அதுக்கு மேல ஸ்டைபெண்டும் வரும். அதுக்காக நேரம் குறையாது. ஃபுட்பால் சீசன்ல என் பசங்க தூங்கினப்புறம்தான் நான் வீட்டுக்குப் போறேன், இதை மறைக்கறதுல அர்த்தமில்ல. ஃபேக்டரி, மிலிட்டரி, டான்ஸ் கம்பெனி, ஹாஸ்பிடல்னு நேரம் சீரா இருக்கற இடங்களும் இப்ப இருக்கு, என் கிளாஸ்மேட் ஒருத்தி கிடங்குல மூட்டை தூக்கறவங்களுக்கு முதுகு போகாம பார்த்துக்கற வேலைல இருக்கா, அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிடறா.

கடன் மட்டும் வாங்காதீங்க, அதாவது பேருக்காக பெரிய பிரைவேட் காலேஜுக்கு கடன் வாங்காதீங்க. பிஓசி எல்லாருக்கும் ஒண்ணுதான், 175 கேள்வி, நாலு மணி நேரம், நீங்க எங்க படிச்சீங்கன்னு அதுல கேக்க மாட்டாங்க. டிகிரியை ஸ்டேட் யூனிவர்சிட்டில குறைஞ்ச ஃபீஸ்ல முடிச்சு, மிச்சம் பிடிச்சதை மாஸ்டர்ஸுக்கு வைங்க.

ரெண்டு_பசங்க_அப்பா:

அந்த டேல் லாய்ட் விஷயம் எனக்குத் தெரியாது. என் சின்னவன் டிராக்ல ஓடறான். அவன் ஸ்கூல்ல டிரெய்னர் இருக்காங்களான்னுகூட நான் இதுவரைக்கும் கேட்டதில்ல, நாளைக்கு போன் பண்றேன். சம்பளம் பத்தி சொன்னதை நான் மாத்திக்கல, ஆனா அம்மா, உங்க பொண்ணு செய்யற வேலை யாருக்காகன்னு இப்ப புரியுது.

திருச்சி_டு_டல்லாஸ்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பிரிண்ட் எடுத்து சாப்பாட்டு மேசைல வெச்சேன். அவ அப்பா சாப்பிட்டுட்டே படிச்சார், சிக்கிள் செல் வர்ற இடத்துல நிறுத்திட்டு பொண்ணைக் கூப்பிட்டு "இது உனக்குத் தெரியுமா"ன்னு கேட்டார். அவ கடகடன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டா, அவங்க டீம்லயே யாரையெல்லாம் தொடர்ந்து ஓட விடக் கூடாதுன்னு டிரெய்னர் கோச்சுக்கு சொல்லி வெச்சிருக்காங்க, பசங்க பேர் அவளுக்கும் தெரியாது, தெரியவும் கூடாதாம், எப்ப இடைவெளி விடணும்கிறது மட்டும் சொல்லிக் குடுத்திருக்காங்க. அரை மணி நேரம் ரெண்டு பேரும் பேசினாங்க. மெடிக்கல் ஸ்கூல்ங்கிற வார்த்தை வரல. கடைசில "சரி, பயாலஜி எடு, கினீசியாலஜியும் சேர்த்துக்கோ, மூணாவது வருஷம் திரும்பப் பேசலாம்"னார். அவளுக்கும் சம்மதம். ஸ்டேட் யூனிவர்சிட்டி மூணு எழுதி வெச்சிருக்கோம், ரெண்டுல அங்கயே மாஸ்டர்ஸ் இருக்கு, பாஸ் கணக்கும் பார்த்துட்டோம்.

டூயல் கிரெடிட் நம்பரைப் பார்த்தோம், ஃபாலுக்கு அவ ரெஜிஸ்டர் பண்ணியிருந்தது 1408. கை நடுங்கிடுச்சு எனக்கு. மறுநாளே கவுன்சிலர்கிட்ட போய் 1406க்கு மாத்திட்டோம். நீலகிரி மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மூணு வருஷமா அவ டிரெய்னர் கூட நின்ன மணி நேரமெல்லாம் மாஸ்டர்ஸ் அப்ளிகேஷன்ல கணக்குல வருமா?

களத்துமேடு:

அப்சர்வேஷன் ஹவர்ஸ் பல புரோகிராம் கேக்கும் அக்கா, ஐம்பது மணி, நூறு மணின்னு இடத்துக்கு இடம் மாறும். ஹைஸ்கூல்ல செஞ்சதை சில இடம் ஏத்துக்கும், சில இடம் காலேஜ் சேர்ந்தப்புறம் செஞ்சதுதான் வேணும்னு சொல்லும். எதுவானாலும் சர்டிஃபைடு டிரெய்னர் கையெழுத்து இருக்கணும், அவங்க பிஓசி நம்பரோட. இந்த வேலைல ஆளுங்க ஸ்கூல் மாறிட்டே இருப்பாங்க, நாலு வருஷம் கழிச்சு தேடினா கிடைக்க மாட்டாங்க. நைன்த் கிரேடுலேர்ந்து எத்தனை சீசன், எத்தனை மணி நேரம்னு ஒரு தாள்ல எழுதி, அந்த டிரெய்னர் அம்மாகிட்ட இந்த ஆகஸ்ட்லயே ஒண்ணு, கிராஜுவேஷனுக்கு முன்னாடி மே மாசம் ஒண்ணுன்னு ரெண்டு தடவை கையெழுத்து வாங்கி ஸ்கேன் பண்ணி வெச்சுடுங்க. ரெகமெண்டேஷன் லெட்டரும் அவங்ககிட்டயே கேக்கச் சொல்லுங்க, அந்தத் தொட்டி அன்னிக்கு யார் ஐஸ் எடுத்துட்டு ஓடினாங்கன்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.